தைரிய மாத்திரை

போட்டேனா, போடவில்லையா. சமையலறை மேடையில் பிளேடால் நறுக்கிய மாத்திரையின் கால் துண்டு உள்ளங்கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. டம்ளரில் தண்ணீர் பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் குக்கர் கத்தியது, தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குடையைக் கேட்டார், வெயிலுக்கு என்றார், நான் தேடினேன். குடை கதவுக்குப் பின்னால் இருந்தது. உள்ளங்கையில் இருந்தது எங்கே போயிற்று என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. வாய்க்குள் போயிருக்கலாம். மேடையிலேயே கிடந்து, துடைத்த துணியோடு தொட்டிக்குள் போயிருக்கலாம். அவ்வளவு சின்னத் துண்டு, விழுங்கினால் தொண்டைக்கே தெரியாது. அமினோ கேப்சூலைப் போட்டது நிச்சயம். பஸ்ஸில் வரும்போது ஏப்பத்தில் ஊறிய சோயா வாடை வந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. இப்போது முதல் மணி அடித்துவிட்டது. வினாத்தாள் கொடுத்தாயிற்று. எழுதக் கூடாது, வாசிக்க மட்டும் செய்யலாம் என்கிற நேரம். அறை முழுக்கப் பெண் பிள்ளைகள் குனிந்து வேதியியலை வாசிக்கிறார்கள். நான் வரலாறு எடுக்கிறவள், வேறு பள்ளிக்கூடத்துக்காரி. அதனால்தான் இந்த அறை எனக்கு. பொதுத் தேர்வில் கண்காணிப்புக்கு வருகிறவர் உட்காரக் கூடாது, புத்தகம் வைத்திருக்கக் கூடாது, கையில் போன் இருக்கக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம், பார்க்கலாம். யோசிப்பதை மட்டும் யாரும் தடை செய்யவில்லை. அதையும் தடை செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் ஒரு சொடுக்கு. டியூப்லைட் ஸ்டார்ட்டர் எரியலாமா வேண்டாமா என்று விட்டுவிட்டுத் துடிக்குமே, அந்த மாதிரி. வலி இல்லை. வலி என்றால் சொல்லலாம். ஒரு நொடி இந்த அறை இங்கே இல்லாமல் போய்த் திரும்பி வருகிறது. மாத்திரையைப் பாதியாக்கியபோது எப்போதாவது வந்தது. கால் ஆக்கிய பிறகு கண் போகிற இடமெல்லாம் வருகிறது. கண்காணிப்பு என்றால் கண்ணைத் திருப்பிக்கொண்டே இருக்கிற வேலை. ஜன்னல் பக்கம் திருப்பினால் சொடுக்கு, கதவுப் பக்கம் திருப்பினால் சொடுக்கு. அதனால் கழுத்தோடு சேர்த்து உடம்பையே திருப்புகிறேன். முதல் பெஞ்சுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். விறைப்பான டீச்சர் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். போன் தலைமைக் கண்காணிப்பாளர் அறை பீரோவுக்குள் இருக்கிறது. பூட்டிச் சாவியை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குள் என் போன் மற்றவர்கள் போன்களோடு ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கிறது. இந்நேரம் அது துடித்துக்கொண்டிருக்கலாம். சுரண்டையிலிருந்து தம்பி பேச்சிமுத்து கூப்பிட்டிருக்கலாம். அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். இருதயம் பலவீனமாகிவிட்டது, காலில் நீர் கோத்துக்கொள்கிறது, இனி ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் என்றார் அந்த டாக்டர். எப்போது வேண்டுமானாலும் என்றால் இப்போதும்தானே. தம்பி போனில் சொன்னான், எக்கா, தைரியமா இரு, ஆனா ரெடியா இரு என்று. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று அவன் சொல்லவில்லை.

ரெடியாகத்தான் ஆகிக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா போனபோது நான் அழவில்லை. அழ வரவில்லை. கடையநல்லூரிலிருந்து வந்த பெண்கள், சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர்கள், ஒவ்வொருத்தியாக வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நானும் கட்டிக்கொண்டேன். அவர்கள் கண்ணீர் என் தோளில் விழுந்து ஜாக்கெட் நனைந்தது. என் முகம் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை சேலைக்குள் கைவிட்டு என் இடுப்பைக் கிள்ளினாள். எட்டி, அழுட்டி, ஊரு பாக்கு என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கிள்ளியது வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான் வந்தது. அப்போது அப்பா முகத்தைப் பார்த்தேன். வாய் குழிந்து உள்ளே போயிருந்தது. பல்செட்டை யாரும் மாட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையில் இருக்கும், அல்லது அவர் கட்டிலுக்கடியில் வைக்கிற எவர்சில்வர் டம்ளரில் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் உடம்பு விறைத்துவிடும், அப்புறம் வாயைத் திறக்க முடியாது. அந்தக் கூட்டத்துக்குள் இருந்து எழுந்து போய்த் தேடினேன். டம்ளரில்தான் இருந்தது. கழுவிக்கொண்டு வந்து மாட்டினேன். அப்பா முகம் அப்பா முகமாயிற்று. தம்பி பொண்டாட்டி கனகமணி அழுகையை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பெத்த அப்பன் கெடக்காரு, மயினி பல்செட்டைத் தேடுதா. கல்லுதான்."

கல் என்பது அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பெண்கள் என்னோடு பேசுகிற பேச்சில் ஒரு சின்ன இடைவெளி. கனகமணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அன்றைக்கு நிஜமாகவே அழுதாள், மாமனாருக்கு அவளைத்தான் பிடிக்கும். பிறகு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் கேட்டபோது, இந்த மாத்திரை சிலருக்கு அழுகையையும் சிரிப்பையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்றார். குறைக்கலாமா என்றேன். குறைக்கலாம், நான் சொல்கிறபடி, மெதுவாக, மாதக்கணக்கில், அவசரமே கூடாது என்றார். அவசரம் எனக்கு இல்லை. அம்மாவின் இருதயத்துக்குத்தான் அவசரம். அதனால் அவர் எழுதிக் கொடுத்ததை மடித்து வைத்துவிட்டு நானே பிளேடை எடுத்தேன். அம்மா போவதற்குள் இதை விட்டுவிட வேண்டும். அம்மாவுக்காவது நான் அழ வேண்டும். வாசலில் குரல் கேட்டதும் நானே எழுந்து போய்க் கட்டிக்கொண்டு, கிள்ளாமலே, தானாக. இதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால், அம்மா எப்போ சாவாள் என்று கணக்குப் போடுகிறாயா என்பார்கள். போடத்தானே செய்கிறேன். கால் துண்டிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆக இன்னும் எத்தனை நாள், அதற்குள் வேண்டாம், அதற்கப்புறம் என்றால்... அதற்கப்புறம் என்றால் என்ன. அந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது. முடித்தால் நடந்துவிடும். பீரோவுக்குள் போன் துடிக்கும்.

இரண்டாவது மணி. எழுதத் தொடங்குகிறார்கள். பேனாக்கள் எல்லாம் ஒன்றாக ஓடுகிற சத்தம் புழு இலையைத் தின்கிற சத்தம் மாதிரி இருக்கிறது. கை லேசாக நடுங்குகிறது. முகப்புத்தாளில் கையெழுத்துப் போட்டு வரும்போது ஒரு பெண்ணின் தாளில் என் கையெழுத்து கோணிவிட்டது. இது மாத்திரையை விடுவதால் வருகிற நடுக்கமா, பழைய வியாதி திரும்ப வருகிற நடுக்கமா, அல்லது சுரண்டையில் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிகிறதா. மூன்றும் ஒரே மாதிரிதான் நடுங்கும் போலிருக்கிறது. பழைய வியாதி எனக்கு நன்றாகத் தெரியும். அது கேஸ் அடுப்பில் ஆரம்பித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வருவேன், சிலிண்டரை மூடினோமா என்று வரும், திரும்பிப் போவேன், மூடியிருக்கும். மறுபடியும் வருவேன். மூடியதைப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்தோமா என்று வரும். நெஞ்சை யாரோ பிழிவது மாதிரி இருக்கும். ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு வியர்க்குமா. கடைசியில் திருநெல்வேலிக்கு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனது அம்மாதான். வீட்டுக்காரர் லீவு கிடைக்காது என்றார், லீவு கிடைத்திருந்தாலும் அந்தப் படியில் ஏறியிருக்க மாட்டார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பொம்பளையிடம் முறுக்குக்கு மாவு எந்தப் பக்குவத்தில் பிசைவது என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் சீட்டோடு வெளியே வந்ததும் அதை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. இது என்னட்டி, தைரியத்துக்கு மாத்திரையா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அது தைரிய மாத்திரை. போனில் கூப்பிட்டால் சாப்பிட்டியா என்பதற்கு முன்னால், தைரியம் போட்டியா என்று கேட்பாள். இப்போது கொஞ்ச நாளாக அவள் கேட்பதில்லை. மூச்சு வாங்குகிறது.

போட்டேனா, போடவில்லையா. இதுவும் கேஸ் அடுப்புதான். பார், அதே வளையம். மூடினோமா என்பது போட்டோமா என்று ஆகியிருக்கிறது. அப்படியானால் பழைய வியாதிதான். இல்லை, நிஜமாகவே ஒருவர் மறக்கலாம், மறப்பது வியாதி இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் பாக்கியநாதன் சொன்னார், டீச்சர், நீங்க வீணா பயப்படுதிய, மாத்திரை செய்யுறது உடம்பு செய்யுறதுதான், அதுக்கு மூலப்பொருளைக் குடுத்தா உடம்பே செஞ்சுக்கிடும், இது அமினோ அமிலம், சாப்பாடு மாதிரி, என் பொண்டாட்டிக்கே குடுக்கேன் என்று. அவர் போகிற ஜிம்மில் விற்கிறார்கள். பெரிய டப்பா, கறுப்புக் கலர், மேலே மார்பைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். மாத்திரையைக் குறைக்கக் குறைக்க இதைக் கூட்டுங்க என்றார். நல்ல மனுஷன், ஏமாற்றுகிறவர் இல்லை. மாத்திரையின் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருக்க வேண்டும் என்பதால் நன்றாக இருந்தது. அப்புறம் வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்று மேஜையில் கிடக்கிறது, நடக்கும்போது கண்ணில் படுகிறது. அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்றால் என்ன, எடுத்துக்காட்டு தருக என்று ஒரு கேள்வி. ஜன்னலோரப் பெண் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், உருட்டி உருட்டி நல்ல கையெழுத்து. உடலால் தானே உருவாக்கிக்கொள்ள இயலாதவை, உணவின் வழியாக வெளியிலிருந்து பெறப்பட வேண்டியவை. நின்று வாசித்துவிட்டேன். அந்தப் பெண் கையால் மறைத்தாள். என் உடம்பு எதைத் தானே செய்யும், எது வெளியிலிருந்து வர வேண்டும். அழுகை எந்த வகை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. நேற்றுத்தான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தேன். மனநல மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. நேற்று. டப்பா பாதி காலியான பிறகு. எழுதுவதற்கு முன்னால் முழுத்தாளையும் வாசி, வாசி என்று எத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறேன். வாசிப்பதற்கென்றே தனியாக மணி அடித்து நேரம் தருகிறார்கள். நான் நேராக விடை எழுதத் தொடங்கியிருக்கிறேன். நேற்று வாசித்த பிறகும் இன்று காலை போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால், நிறுத்தவும் பயமாக இருந்தது என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை.

பறக்கும் படை வந்துவிட்டது. இரண்டு பேர், ஒரு அம்மா, ஒரு சார். வராண்டாவில் செருப்புச் சத்தம் மெதுவானதுமே அறைக்குள் எல்லா முதுகும் நிமிர்ந்தது. அந்த அம்மா பெஞ்சுக்குள் குனிந்து பார்த்தார், ஒரு பெண்ணை எழுப்பித் துப்பட்டாவை உதறச் சொன்னார், ஒன்றும் விழவில்லை. போகிறபோது என் பக்கம் வந்து மெதுவாக, டீச்சர், ரொம்ப வேர்க்கே, உடம்புக்கு எதுவும் செய்யுதா என்றார். சுகர் என்றேன். அது சொல்லக்கூடிய வியாதி. அவருக்கும் சுகராம், பையிலிருந்து ஒரு தேன்மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் விட்டால் அழுதிருப்பேன். தேன்மிட்டாய்க்கு. அம்மாவுக்கென்று சேர்த்து வைக்கிறது கண்ட இடத்தில் ஒழுகப் பார்க்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சுரண்டைக்குப் போனபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதற்கு அழுதேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே அழுதேன். கட்டிலில் கிடந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, திறந்துவிட்டது, இனி வரும் என்று. ஆனால் பாலுக்கு வந்தது அம்மாவுக்கு வருமா. எல்லாம் பாலுக்கும் தேன்மிட்டாய்க்கும் போய்விட்டு, அந்த நாளில் கண் காய்ந்து போனால். பீரோவுக்குள் போன். சாவி சட்டைப் பைக்குள். போய்க் கேட்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுத்துக் கொடுப்பார். கொடுத்தால் பார்க்க வேண்டும். பார்க்காத வரைக்கும் அம்மா இருக்கிறாள்.

மிஸ், நூல் என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல். கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்டுகிற வெள்ளை நூல். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கட்டினாள், ஒரு தாள் தலைகீழாக இருந்தது, அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகிவிட்டது. இழுத்தாள், இன்னும் இறுகியது. விரல் நகம் ஒட்ட வெட்டியிருந்தாள், கை வியர்த்து நூல் அழுக்காகிக்கொண்டிருந்தது. நேரம் முடியப்போகிறது, அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. குடும்மா என்று வாங்கி பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது, உட்கார்ந்தேன். முடிச்சுக்குள் நகத்தை நுழைத்தேன். நூல் நழுவியது. மறுபடியும் நுழைத்தேன். அப்போது வந்தது. தொண்டையிலிருந்து இல்லை, வயிற்றிலிருந்து. முடிச்சின் மேலேயே ஒரு சொட்டு விழுந்தது. விடைத்தாளில் விழுந்துவிடக் கூடாது என்று தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமில்லாமல், தோள் குலுங்க, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. அந்தப் பெண் பயந்துவிட்டாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகில் சொன்னாள்.

"மிஸ், நான் ஒண்ணுமே பண்ணல மிஸ். சத்தியமா பிட்டு வச்சிருக்கல."

தெரியும்மா, எழுது என்றேன். முடிச்சு அவிழ்ந்திருந்தது. எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. தாளைத் திருப்பி வைத்து நானே கட்டிக் கொடுத்தேன். எழுந்து கரும்பலகைப் பக்கம் போய் முகத்தைத் துடைத்தேன். மனம் இலேசாகும் என்பார்கள். ஆகவில்லை. பயம் அதே இடத்தில் இருந்தது, ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அழுவதற்கும் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது. அழத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று யார் எனக்குச் சொன்னது. யாரும் சொல்லவில்லை. அத்தை கிள்ளினாள், நான் அதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

கடைசி மணி. தாள்களை வரிசைப்படி அடுக்கி, எண்ணி ஒப்படைத்து, வரிசையில் நின்றேன். பீரோவைத் திறந்தார்கள். கூடையில் என் போனை எடுத்துக் கொடுக்கிறவர் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர், ஒங்களுக்குத்தான் நெறைய மிஸ்டு கால் என்றார். பேச்சிமுத்து. பேச்சிமுத்து. மறுபடியும் பேச்சிமுத்து. கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. முடிந்தது, எல்லாம் நூலுக்குப் போய்விட்டது. வராண்டா தூணுக்குப் பக்கத்தில் நின்று அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது. கனகமணி எடுத்தாள். மயினி, அத்தை ஒங்ககிட்ட பேசணும்னு காலையில இருந்து ஒத்தக்கால்ல நிக்காவ, எங்ககிட்ட என்னன்னு சொல்ல மாட்டக்காவ, சோறும் வேண்டாங்காவ என்றாள். நிற்கிறாள். ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன் கைமாறியது. மூச்சு கேட்டது முதலில். அப்புறம் கனகமணியைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்கிற குரல். அது அம்மா குரல்தான், பாதியாகத் தேய்ந்த குரல்.

"ஏட்டி உலகு, தைரியம் போடுதியா இல்லியா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். பாலுக்குப் போய் அழுத, அன்னைக்கே தெரியும் எனக்கு என்றாள். நிறுத்தப் பார்க்கிறேன் என்றேன். எதுக்கு என்றாள். பதில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, மூச்சு இருக்கும்போதே தன் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"எம் பல்செட்டு சன்னல் டம்ளர்ல கெடக்கு. நீதான் வந்து மாட்டி விடணும், சீக்கிரமா, வெறைக்கும் முன்ன. கனகுக்குச் சொல்லாத. அவ நல்லா அழுவா, நல்ல புள்ள, ஆனா அழுதுக்கிட்டே எல்லாத்தையும் மறந்துருவா. ஒங்கப்பாவுக்கு நீதான மாட்டுன. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

சரிம்மா என்றேன். சோற்றைச் சாப்பிடு என்றேன். பல்லு இல்லாம எப்படிட்டி திங்க, அதை எடுத்துக் குடுக்கச் சொல்லு அவளை என்றாள். கதவு திறக்கிற சத்தம், கனகமணி சிரிக்கிற சத்தம், அப்புறம் தொடர்பு போய்விட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாத்துக்கிட்டுத்தான இருந்தேன் என்றாள். அத்தனை அழுகைக்கு நடுவில் ஒருத்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் வினாத்தாளை விசிறிக்கொண்டு வெளியே போகிறார்கள், அமினோ அமிலம் எழுதுனியாடி என்று ஒருத்தி கேட்கிறாள். கண்ணைத் திருப்பினேன், சொடுக்கு. அது போகவில்லை. உடனே போகாது. திருநெல்வேலி கிளினிக் எண்ணைத் தேடி அழைத்தேன். டாக்டரம்மாவிடம் பிளேடையும் சொல்ல வேண்டும், கறுப்பு டப்பாவையும் சொல்ல வேண்டும், திட்டுவார். சாயங்காலம் டோக்கன் இருக்கிறதா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள், உலகம்மாள் என்றேன். புதுசா பழசா மேடம் என்றாள். தேன்மிட்டாய் கைக்குள் உருகி ஒட்டியிருந்தது. பழசு என்றேன்.